முழங்கால் பேராசிரியரின் வாளி

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே! மேடையின் இரண்டாவது நாற்காலியில் அமர்ந்து, நான் ஒலிபெருக்கியைத் தொடும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிட்ட குடிநீர் வாரியத் தலைமைப் பொறியாளர் அவர்களே! முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் டீச்சர் அவர்களே! நம் பேராசிரியரின் துணைவியாரை இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அழைக்கிறோம். பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் அருகில் இருக்கும் மகளே! ஆய்வுக்கூடத் தோழர்களே! மாணவ மாணவியரே! மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மழைக்கு ஒதுங்கியவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் வணக்கம், நீங்களும் கேளுங்கள்.

நான் யார் என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். இருபத்துநான்கு ஆண்டுகளாகப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பூச்சி எண்ணுகிறவள் நான். ஓடையிலிருந்து வரும் பாட்டிலை வெள்ளைத் தட்டில் கொட்டி, இறால் எத்தனை, நண்டு எத்தனை, நத்தை எத்தனை, புழு எத்தனை என்று பிரித்து எண்ணித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது வேலையால் வந்த பெயர் இல்லை, குணத்தால் வந்தது. முட்டை வாங்கினாலும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள். பிறவியிலேயே சந்தேகப் பிராணி.

ஆகவே இன்று இந்த மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து எனக்குச் சந்தேகம்!

முதல் சந்தேகம், அதோ அந்த மலர்வளையம். ஆள் உயரம் இருக்கிறது. வாரியம் அனுப்பியது. பேராசிரியர் உயிரோடிருந்தபோது வாரியத்துக்கு ஒரு கடிதம் போட்டால் பதில் வர நான்கு மாதம் ஆகும். அவர் போய்ச் சேர்ந்ததும் மலர்வளையம் நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டது! ஆடு நனைகிறதே என்று எது அழுததோ, அது என் நினைவுக்கு வந்தது. மன்னிக்க வேண்டும், அது என் புத்தி.

இரண்டாவது சந்தேகம், என் கையில் கொடுக்கப்பட்ட இந்தத் தாள். நான் பேச வேண்டியதைத் தட்டச்சு செய்தே கொடுத்திருக்கிறார்கள். இருபத்துநான்கு ஆண்டு அவரோடு வேலை பார்த்தவள், அவரை நான்கு முறை பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டுமாம். ஏன்? சொல்லுங்கள், ஏன்? இதோ நான்காக மடித்து வைத்துவிட்டேன்.

என்னையும் சந்தேகப்பட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் காவலாளி என் வாளியைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னக்கா இது? உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மூடி?"

நல்ல கேள்வி! மூடியைத் திறந்து காட்டினேன். ஒரு சிறிய வலை. கைப்பிடி உடைந்த ஒரு தேநீர்க் குவளை. துணியில் சுற்றிய ஒரு பாட்டில். பாட்டிலைத் திறந்து முகர்ந்தவர் முகம் மாறிவிட்டது. இரங்கல் கூட்டத்துக்கு வாளியில் சாராயம் கொண்டுவரும் பொம்பளையை அவர் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே மிதக்கும் இறாலைக் காட்டிய பிறகுதான் விட்டார். "தொட்டுக்க வேற வச்சிருக்கீங்க" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். நம் பேராசிரியரும் சிரித்திருப்பார். ஆனால் இந்த வாளியை மறந்துவிடாதீர்கள். நான் பேச வந்ததே இந்த வாளியைப் பற்றித்தான்.

முழங்கால் பேராசிரியர்! அப்படித்தான் இந்தத் தீவு அவரை அழைத்தது. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டாமல் அவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பட்டமளிப்பு விழாவிலேயே அங்கிக்குக் கீழே முழங்கால் தெரிந்தது. ஓடையில் குனிந்து குனிந்து முப்பத்தைந்து ஆண்டுகள். கல்லைக் காலால் உதைத்துக் கலக்குவார், கீழே வலை பிடிப்பார், வலையில் விழுந்ததை எண்ணுவார். முதுகெலும்பு இல்லாத நீர்வாழ் உயிர்கள் அவருடைய படிப்பு. "ஓடையில தேடிட்டு இருக்கேன், ஆஃபீஸ்ல தேடியிருந்தா சுலபமா கிடைச்சிருக்கும்" என்று புது மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் அவர் ஒருவரே சிரிப்பார்.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை இரண்டு நிமிடத்தில் உங்களுக்குச் சொல்கிறேன். இது தெரியாமல் மற்றது விளங்காது.

நம் தீவில் பெரிய ஓடை என்று ஒன்று, சின்ன ஓடை என்று ஒன்று. இரண்டும் மலையில் பிறந்து பதினோரு கிலோமீட்டரில் கடலுக்குள் போய்விடுகின்றன. அந்த ஓடைகளின் இறால் மலையில் முட்டையிடும். பொரிந்த குஞ்சு தூசி அளவுதான் இருக்கும். அது வெள்ளத்தோடு கடலுக்குப் போய், உப்புத் தண்ணீரில் சில வாரம் வளர்ந்து, நகக்கண் அளவு ஆனதும் திரும்பி வரும். எதிர்நீச்சல் போட்டு, பாறையைப் பிடித்து, ஈரச் சுவரில் கால் ஊன்றி ஏறி, அருவியையும் தாண்டி மலைக்குப் போகும். ஆண்டுக்கு நாற்பது நாள் இந்தப் பயணம் நடக்கும். ஓடை நத்தையும் அப்படித்தான், கொஞ்சம் மெதுவாக. அழுகும் இலையைத் தின்பதும் கல்லில் படியும் சேற்றைத் துடைப்பதும் இந்த இறால்கள்தான். இறால் இல்லாத ஓடையில் கால் வைத்துப் பாருங்கள். வழுக்கும், நாறும். அந்தத் தண்ணீர்தான் நம் வீட்டுக் குழாயில் வருகிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரிய ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். ஊருக்குத் தண்ணீர் வேண்டும், கட்டினார்கள். அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை, நானும் குளிக்கிறேன். ஆனால் அந்த அணையின் விளிம்பு முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சுவரைத் தொடாமல் விழுகிறது. பிடித்து ஏற ஈரச் சுவரே இல்லை. பேராசிரியர் ஓடினார். ஓரத்தில் இரண்டடி அகலத்துக்குக் கரடுமுரடாக ஒரு கல்பாதை, அதன் மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர், அது போதும், இறால் ஏறிக்கொள்ளும் என்று மன்றாடினார். வாரியம் என்ன சொன்னது? "ஏற முடியாதுன்னு நிரூபிங்க. அணைக்கு மேல எத்தனை இருக்குன்னு வருஷா வருஷம் எண்ணிக் குடுங்க. குறைஞ்சா பாதை போடுறோம்."

நியாயமான பேச்சுதானே? எண்ணினோம். முதல் ஆண்டு எண்ணினோம், குறையவில்லை. இரண்டாம் ஆண்டு எண்ணினோம், குறையவில்லை. ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டு, குறையவே இல்லை! அணைக்கு மேலே குஞ்சு இறால் கொழித்தது. ஏற முடியாத சுவரில் எப்படி ஏறியது? யாரும் கேட்கவில்லை. வாரியத்துக்கு ஏன் கேட்கத் தோன்றும்? கல்பாதை மிச்சம்.

நான் கேட்டேன். நத்தையைப் பார்த்துக் கேட்டேன்.

என் தட்டில் இறால் குறையவில்லை, சரி. நத்தை குறைந்துகொண்டே வந்தது. அதிலும் கிழட்டு நத்தைதான் வந்தது, ஓடு தேய்ந்த நத்தை. குஞ்சு நத்தை ஒன்றுகூட இல்லை. இறால் ஏறும் வழியில் நத்தை ஏறாதா? எட்டாம் ஆண்டு முடிவில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"சார், நத்தை எங்க சார் போச்சு?"

"நத்தைதானம்மா. மெதுவா வரும்."

"எட்டு வருஷமாவா சார்?"

அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கனவே துடைத்த கண்ணாடி! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றுமுதல் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். தோழர்களே, இந்த மேடையில் நின்று சொல்கிறேன்: யாருக்கு அஞ்சலி செலுத்த வந்தேனோ அவரையே சந்தேகப்பட்டேன். அணைக்குக் கீழே பிடித்த இறாலை மேல் பாட்டிலில் போடுகிறார் என்று நினைத்தேன். எதற்கு? வாரியத்தைக் குளிரவைக்கவா? நான் தெய்வமாக நினைத்த மனிதர் எண்ணிக்கையில் பொய் சொல்கிறாரா? 

சந்தேகப்பட்டவள் நான் மட்டும் இல்லை. டீச்சர், நீங்கள் அனுமதி கொடுத்ததால் சொல்கிறேன். அந்த நாட்களில் ஒருநாள் மாலை டீச்சர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா? உங்க சாருக்கு வேற எங்கயாவது தொடுப்பு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வருஷா வருஷம் ஒரே மாசம். விடியறதுக்கு முன்னால எழுந்து போறாரு. நாற்பது நாள். நான் கணக்கு வாத்தி, நாள் தப்பாது. கேட்டா நடைப்பயிற்சிங்கறாரு. நடைப்பயிற்சிக்கு யாராவது வாளி எடுத்துட்டுப் போவாங்களா?"

சின்னவீட்டுக்கும் யாரும் வாளி எடுத்துக்கொண்டு போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாளி என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. அடுத்த பருவம் வந்தது. விடியும் நேரத்தில் பெரிய ஓடைக்குப் போய், அணை ஓரத்துப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எறும்பு கடித்தது. காத்திருந்தேன்.

வந்தார். கால்சட்டை முழங்காலுக்கு மேல். கையில் இந்த வாளி.

அணையின் அடியில் போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். அவையோரே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கடலிலிருந்து ஏறி வந்த குஞ்சு இறால் ஆயிரக்கணக்கில் அந்தச் சுவரடியில் குவிந்து கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காய்ந்த சிமெண்டைத் தடவிப் பார்த்து, விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்து! இரண்டு பக்கமும் கொக்குகள், பந்திக்கு உட்கார்ந்ததுபோல். பேராசிரியர் கையை வீசிக் கொக்கை விரட்டினார். குனிந்தார். இந்த உடைந்த குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினார். வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் படியேறி, அணைக்கு மேலே தண்ணீரில் மெதுவாகக் கவிழ்த்தார். மறுபடி இறங்கினார். நான்கு நடை, ஐந்து நடை. அறுபது வயது மனிதர்! ஐந்தாவது நடையில் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

நான் புதரிலிருந்து எழுந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் என்னைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?

"நத்தையை விட்டுட்டேன்மா. கடுகளவு இருக்கும், கண்ணு தெரியல. அதுலதான் கண்டுபிடிச்சியா?"

நான் கத்தினேன். "எண்ணச் சொன்னா தூக்குறீங்களே சார்! நீங்க தூக்கிப் போட்டதைத்தான் நான் ஒன்பது வருஷமா எண்ணிட்டு இருக்கேனா?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் வருஷம் ஒருநாள் மட்டும்னுதான் தூக்கினேன். கொக்கு தின்னுட்டு இருந்துச்சு. பார்த்துட்டே நிக்க முடியல."

இதுதான் அவர் செய்த பிழை. இந்தத் தொழிலில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. ஏற முடியாது என்று நிரூபிக்க வேண்டிய மனிதர், ஏற முடியாமல் தவிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க முடியாமல், தானே ஏற்றிவிட்டார். இறாலைக் காப்பாற்றினார், சாட்சியைக் கெடுத்துவிட்டார். அவர் செய்தது தவறா? தவறு! சந்தேகமே இல்லாமல் தவறு. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? மறுநாள் நானும் ஒரு வாளி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பருவம் அவரோடு சேர்ந்து தூக்கினேன். தூக்கிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தூக்கியதையே எண்ணிக் கையெழுத்தும் போட்டேன். முதல்வர் ஐயா, அந்தக் கையெழுத்துகள் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்ப்பது தெரிகிறது. இன்னும் இருக்கிறது, கேளுங்கள்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறோம் என்பது போன ஆண்டுதான் தெரிந்தது. சின்ன ஓடையிலும் தடுப்பணை கட்டத் திட்டம் வந்தது. அதே வரைபடம், அதே துருத்திய விளிம்பு. கல்பாதை இல்லை. ஏன் இல்லை என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: பதினோரு ஆண்டு ஆய்வின்படி தடுப்பணையால் இறாலுக்குப் பாதிப்பு இல்லை. கீழே பேராசிரியர் பெயர். அதற்குக் கீழே என் பெயர்.

பொறியாளர் ஐயா, நான் உங்களை முறைத்துக்கொண்டே பேசுவதாக நினைப்பீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த எண்ணைத்தான் நீங்கள் எழுதினீர்கள்.

பருவம் தொடங்கியபோது பேராசிரியர் என்னிடம், "இந்த வருஷம் நீ வர வேண்டாம்மா, நான் மட்டும் போறேன்" என்றார். உடனே எனக்குச் சந்தேகம்! என்னை நம்பவில்லையா? நான் யாரிடமாவது சொல்லிவிடுவேன் என்று பயமா? கோபித்துக்கொண்டு நாற்பது நாளும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது?

பருவம் முடிந்ததும் அணைக்கு மேலிருந்து பாட்டில்கள் வந்தன. தட்டில் கொட்டினேன். குஞ்சு இறால் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவர் தூக்கவில்லை! நாற்பது காலையும் அங்கே போய், கொக்குகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நிற்க முடியாத மனிதர் நின்றிருக்கிறார்.

அந்தப் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு, பல மாதம் அலைந்த பிறகு, வாரியக் கூட்டத்துக்குப் போனோம். நீண்ட மேசை, குளிரூட்டிய அறை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், பதினோரு வருஷம் நல்லா வந்திருக்கு. ஒரு வருஷம் வரலைன்னா அது இயற்கைதானே? நீங்களே எழுதினதை நீங்களே சந்தேகப்படுறீங்களே?"

பேராசிரியர் எழுந்தார். "அந்தப் பதினோரு வருஷமும்..." என்று தொடங்கினார்.

அங்கே நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏன் என்னைப் பார்த்தார்? அவர் ஓய்வு பெற்றவர், அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கையெழுத்துப் போட்ட நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். ஓய்வுக்கு எட்டு மாதம். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார்.

நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று அசைத்தேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்ல" என்றார். தேநீர் வந்தது. எல்லோரும் குடித்தோம்.

அவையோரே! இருபத்துநான்கு ஆண்டாக முட்டையைச் சந்தேகப்பட்டேன், வாரியத்தைச் சந்தேகப்பட்டேன், பேராசிரியரைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் நான் என்பது அந்த அறையில் எனக்குத் தெரிந்தது. முதுகெலும்பில்லாத உயிர்களை எண்ணிச் சம்பளம் வாங்கியவள், அன்று என்னையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். மாரடைப்பு. ஊரில் என்னென்னவோ பேசினார்கள். நானும் மருத்துவரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மாரடைப்பு என்றார். நான்காம் முறை கதவைச் சாத்திவிட்டார். நம்புகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். "சாரோட பாட்டிலெல்லாம் எங்ககிட்ட பாதுகாப்பா இருக்கும். வண்டி கொண்டுவந்திருக்கோம்" என்றார். பதினோரு ஆண்டு எட்டிப் பார்க்காத பாட்டில்மேல் என்ன திடீர்ப் பாசம்? சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் போனதும் அறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டேன்.

இங்கே எங்கள் வேலையில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாட்டிலில் சாராயம் இருக்கும், பூச்சி கெடாமல் இருக்க. எந்த ஓடை, எந்த நாள் என்ற சீட்டைப் பாட்டிலுக்குள்ளேயே போடுவோம். பென்சிலால்தான் எழுதுவோம். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. சீட்டின் எழுத்து கண்ணாடி வழியே வெளியே தெரியும். பின்பக்கம் உள்ளே இறாலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் எண்ணி முடித்ததும் பூச்சிகளைத் திரும்பப் பாட்டிலில் போட்டு, எண்ணிக்கையையும் சேர்த்துப் புதுச் சீட்டைப் பேராசிரியரே எழுதி, அவரே மூடி, அலமாரியில் வைப்பார். எங்களை விடமாட்டார். என் கையெழுத்து அவருக்குப் பிடிக்கவில்லை என்றுகூட ஒருகாலத்தில் நான் சந்தேகப்பட்டதுண்டு. அலமாரிக்குப் போன பாட்டிலை யாரும் திறப்பதில்லை. திறக்க என்ன அவசியம்?

வாரியம் கேட்டதே, அதுதான் அவசியம். முதல் ஆண்டின் முதல் பாட்டிலைத் திறந்தேன். இடுக்கியால் சீட்டை எடுத்தேன். திருப்பினேன்.

பின்பக்கம், பொடி எழுத்தில், பென்சிலால்: "இந்த வாரம் தூக்கியது 2,140. விளிம்பில் வலை கட்டிப் பார்த்தது, தானாக ஏறியது 0."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது! அடுத்த பாட்டில்: தூக்கியது 1,875. தானாக ஏறியது 0. அடுத்தது, அதற்கு அடுத்தது! பருவத்துக்கு ஆறு பாட்டில், பதினோரு பருவம், அறுபத்தாறு சீட்டு. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் இரண்டு எண்கள். இந்தச் சிறிய வலை எதற்கு வாளியில் கிடக்கிறது என்று மூன்று பருவம் கூடவே தூக்கியும் நான் கேட்டதில்லை. என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி அவர். தன்னையே நம்பாமல் தன்னையே எண்ணியிருக்கிறார். முன்பக்கம் பொய், பின்பக்கம் மெய். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

கடைசிப் பருவத்தின் கடைசிப் பாட்டில் இதோ, என் கையில் இருக்கிறது. காவலாளி முகர்ந்து பார்த்தது இதைத்தான். உள்ளே கிழட்டு இறால் இரண்டு. சீட்டின் பின்பக்கம்: "தூக்கவில்லை. ஏறியது 0." எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருப்பாரோ என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எண் மட்டும்தான். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, அழுதேன்.

நேற்று எல்லாச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். இதைச் சொன்னால் சாருடைய பெயர் கெடும், சொல்லாவிட்டால் சின்ன ஓடை போகும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். டீச்சர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். அறுபத்தாறு சீட்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினார். விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது. மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டினார். அதே எண்.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார். "இத்தனை வருஷமா ஒரு வாளியைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லிடு" என்றார்.

சொல்லிவிட்டேன் டீச்சர்.

அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று இங்கே எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பணியை? எண்ணுவதையா, தூக்குவதையா? நான் இரண்டையும் தொடரப்போகிறேன். இன்னும் பதினெட்டு நாளில் பருவம் தொடங்குகிறது. விடிந்ததும் பெரிய ஓடை அணையில் நிற்பேன். முதலில் விளிம்பில் வலை கட்டி, தானாக ஏறியது எத்தனை என்று எண்ணுவேன். அதன் பிறகு தூக்குவேன், இறாலையும் தூக்குவேன், கடுகளவு நத்தையையும் பொறுக்கித் தூக்குவேன். இரண்டு எண்ணையும் சீட்டின் முன்பக்கத்தில் எழுதுவேன். செத்தவர் சீட்டை நானே எழுதியிருப்பேன் என்று நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள்! நான் வரவேற்கிறேன். பொறியாளர் ஐயா, ஒரே ஒரு காலை வாருங்கள். உங்கள் கையாலேயே வலையைப் பிரித்து எண்ணுங்கள். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். முதல்வர் ஐயா, என் கையெழுத்துக்கு என்ன நடவடிக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் நாற்பது நாளுக்குள் மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், எனக்கு வேலை இருக்கிறது.

கடைசியாக என் மூன்றாவது சந்தேகம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பதினொன்றாவது, எழுந்து நின்று இரண்டு நிமிட மௌன அஞ்சலி. பன்னிரண்டாவது, சின்ன ஓடைத் தடுப்பணையை உடனே தொடங்கி அதற்குப் பேராசிரியரின் பெயரைச் சூட்டும் தீர்மானம், "அவையோர் எழுந்து நின்று ஒருமனதாக" ஏற்பது. இரண்டுக்கும் நடுவில் அமருங்கள் என்ற சொல் நிரலில் எங்கும் இல்லை. அவருக்காக எழுந்து நிற்கிறவர்களை அப்படியே அணைக்காக எழுந்து நின்றதாக எழுதிவிடுவார்களோ? அச்சுப்பிழையாக இருக்கலாம். நான்தான் சந்தேகப் பிராணி ஆயிற்றே.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்காக எழுந்து நில்லுங்கள். முழங்கால் வலிக்கிறவர்களும் நில்லுங்கள், அவர் நின்றார். இரண்டு நிமிடம் முடிந்து, முதல்வர் அடுத்த தாளைக் கையில் எடுக்கும்போது, கல்பாதை இல்லாத அணைக்கு அவர் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றும் பேச வேண்டாம். உட்கார்ந்துவிடுங்கள்.

பென்சில் கொண்டுவந்திருக்கிறேன். நான் எண்ணுவேன்.